ஆமையின் குரலை மாற்றியவர்கள்

என் மகளுக்குப் பேச்சு வந்தது ஒரு ஆமையிடமிருந்து. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

குழந்தைகள் சேனலில் காலையிலும் சாயங்காலமும் வரும் கார்ட்டூன் அது. எந்த நாட்டிலோ எடுத்தது, தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். ஒரு குளம், ஒரு ஆமை, ஒரு வாத்து. வாத்து எதற்கெடுத்தாலும் பதறும். ஆமை மெதுவாகப் பேசும், சளி பிடித்தவர் பேசுவது போல மூக்கடைத்த குரலில். பெரிதாக ஒன்றும் நடக்காது. மழை வரும், இலை விழும், வாத்து தொலைத்த எதையோ ஆமை கண்டுபிடித்துக் கொடுக்கும். அவ்வளவுதான் கதை.

மகளுக்கு நாலு வயது வரை ஒரு வார்த்தை வரவில்லை. மதுரையில் காட்டினோம். ஆட்டிசம் என்றார்கள். எங்கள் ஊர் குச்சனூர் பக்கம். சனீஸ்வரன் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ சனிக்கிழமை வந்து குவிகிறார்கள், நாங்கள் நடந்தே போய் எள் விளக்குப் போட்டோம். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "டிவியைப் போட்டு உக்கார வச்சு உக்கார வச்சுத்தேன் பிள்ளை இப்பிடி ஆயிருச்சு." என் நாத்தனார் ஒருபடி மேலே போனாள். "மதினி, நீங்க கடைக்கு வேலைக்குப் போகாம வீட்ல இருந்திருந்தா பிள்ளை பேசியிருக்கும்." சின்னமனூரில் உரக்கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். நான் வேலைக்குப் போன பணத்தில்தான் மதுரை டாக்டருக்குக் கொடுத்தோம் என்று திருப்பிச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஒரு நாள் சமையல்கட்டில் என் பின்னால் ஒரு குரல் கேட்டது. மெதுவான, மூக்கடைத்த குரல்.

"குளம் வத்திப் போச்சு, வாத்து."

திரும்பினேன். மகள் காலி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஊற்றினேன். குடித்தாள். மறுபடி டம்ளரை நீட்டி அதையே சொன்னாள். டிவியில் அந்த ஆமை எந்த இடத்தில் இழுத்து, எந்த இடத்தில் மூச்சு விட்டுச் சொல்லுமோ அப்படியே சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஓர் இடத்துக்கு வரமாட்டேன் என்றால், "நீ முன்னாடி போ, நான் அப்புறமா வர்றேன்." சத்தம் தாங்கவில்லை என்றால், "இந்தத் தவளைங்களுக்குத் தூக்கமே வராதா?" எங்கள் தெருக் கோயிலில் ஸ்பீக்கர் கட்டி அலற விட்டபோது இதைச் சொல்லிக்கொண்டே காதைப் பொத்தினாள். ஸ்பீக்கர்காரனிடம் போய் நானும் அதையேதான் கேட்டேன், வேறு வார்த்தைகளில்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. "இன்னிக்கு என் ஓடு ரொம்ப கனமா இருக்கு." உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு நம் கையைப் பிடித்து வலிக்கிற இடத்தில் வைப்பாள். காதில் சீழ் கோத்தது அப்படித்தான் தெரிந்தது. கடைவாய்ப் பல் சொத்தை அப்படித்தான் தெரிந்தது. அந்த வாக்கியத்துக்கு முன்பெல்லாம் அவள் சுவரில் தலையை முட்டுவாள். எங்கே வலிக்கிறது, வலிதானா, ஒன்றும் தெரியாது. பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் அழுவேன். அந்த ஒரு வரி வந்த பிறகு முட்டுவது நின்றது.

தேனியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் மட்டும்தான், "இதும் பேச்சுத்தான் அக்கா, யாரு என்ன சொன்னாலும் டிவியை நிப்பாட்டிராதிய. நீங்களும் அதே மாதிரி பேசுங்க" என்றாள்.

பேசினோம். என் வீட்டுக்காரர் வாழை போட்டிருக்கிறார். கனத்த மீசை. ஆள் கூப்பிட்டால் மூன்று தோட்டம் தாண்டிக் கேட்கும். அந்த மனுசன் மூக்கை அடைத்துக்கொண்டு, "குளிக்கப் போலாமா, வாத்து?" என்று தோட்டத்து மோட்டார் ரூம் பக்கத்தில் நின்று கேட்பார். தார் வெட்ட வந்தவர்கள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டார்கள். "ஏண்ணே, சளி புடிச்சிருக்கா? கஷாயம் வச்சுத் தரச் சொல்லவா?" அவர் கண்டுகொள்ளவில்லை. நாளாக நாளாக எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் அந்த வரிகள் பாடமாகிவிட்டன. என் மகளிடம் பேச வேண்டுமென்றால் ஆமையாகத்தான் பேச வேண்டும். பேசினார்கள். அதற்கு நன்றி சொல்கிறேன். என் நாத்தனார்கூடப் பேசினாள்.

அந்தக் கார்ட்டூனைச் சினிமாவாக எடுத்திருக்கிறார்கள், தமிழிலும் வருகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவன் என் தம்பி. அல்லிநகரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். பைக்கை ஸ்டாண்டு போடக்கூட இல்லை.

"அக்கா! ஆமை படம் வருதுக்கா! தேனியிலயே போடுறாக!"

"எந்த ஆமை?"

"நம்ம ஆமைதேன். வேற எந்த ஆமை? ஆத்தா, இங்கன வா, மாமன் ஒனக்குப் பெரிய ஆமை காட்டப் போறேன். நம்ம வீட்டை விடப் பெருசு!"

மகள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவன் நீட்டிய போனில் போஸ்டரைப் பார்த்தாள். ஆமையின் படத்தில் விரலை வைத்து எடுக்கவே இல்லை.

டிக்கெட் எடுத்துக் கூட்டிப் போனால் முடிந்தது. ஆனால் தாய்மாமனாயிற்றே. எங்கள் பக்கம் தாய்மாமன் எதையும் சும்மா செய்ய மாட்டான். காது குத்துக்கு என்ன செய்தானோ அதையே இதற்கும் செய்தான். சொந்தம் பூராவுக்கும் டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் இரண்டு சும்மா நின்றது. அதைப் பேசிவிட்டான். தியேட்டர் வாசலில் ஒரு பிளெக்ஸ் போர்டு. ஒரு பக்கம் ஆமை, ஒரு பக்கம் பட்டுப் பாவாடையில் என் மகள், கீழே கூலிங்கிளாஸ் போட்ட தம்பி. 'ஆமையாரைக் காண வருகை தரும் எங்கள் வீட்டு இளவரசியை வருக வருக என வரவேற்கும் தாய்மாமன்.'

"ஏலே, என்னடா கூத்து இது?" என்றேன்.

"ஊரெல்லாம் நடிகனுக்கு வைக்கிறான். என் மருமக பேசுனது அந்த ஆமையாலதானக்கா. அதுக்கு வைக்கக் கூடாதா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாப்ள, ஆமையை விட ஒன் மூஞ்சி பெருசா இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தோம். அன்று நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

சத்தத்துக்குப் பயந்து மகளின் காதில் பஞ்சு வைத்திருந்தேன். விளக்கு அணைந்தது. அவள் என் மடியில் இல்லை, தனி சீட்டில் நேராக உட்கார்ந்திருந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திரையில் குளம் வந்தது. அதே குளம்தான், இன்னும் பெரிதாக, இன்னும் பளபளப்பாக. வாத்து பதறியபடி ஓடி வந்தது. கரையில் ஓடு மட்டும் கிடந்தது. அதிலிருந்து ஆமை தலையை நீட்டியது. டிவியில் அந்த வரி வருகிற அதே காட்சி.

எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். முதல் நாள் முதல் காட்சியில் பெரிய நடிகர் பேசப்போகிற வசனத்தைக் கூட்டம் முந்திக்கொண்டு சொல்லுமே, அதே மாதிரி. இரண்டு வரிசை ஆட்கள், மூக்கை அடைத்துக்கொண்டு, ஒரே குரலில்:

"குளம் வத்திப் போச்சு, வாத்து!"

திரையில் ஆமை வாயைத் திறந்தது. "என்ன மச்சி, தண்ணியில்லையா? லாரிக்குச் சொல்லிருவோமா?" என்றது.

பேர்போன காமெடி நடிகர் ஒருவரின் குரல். ஊருக்கே தெரிந்த குரல். தியேட்டர் அதிர்ந்தது. விசில். எங்கள் வரிசைகளில் மட்டும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

மகள் திரையைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். ஏதோ தவறு நடந்துவிட்டது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்பது போல, திரையைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள். "குளம் வத்திப் போச்சு, வாத்து." ஆமை அடுத்த ஜோக்கைச் சொன்னது. இவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். முன் வரிசையிலிருந்து ஒரு ஆள் திரும்பினான்.

"ஏம்மா, பிள்ளைய செத்த சும்மா இருக்கச் சொல்லும்மா. காசு குடுத்து வந்திருக்கம்ல."

தம்பி எழுந்தான். "நாங்க என்ன ஓசியிலயா வந்திருக்கோம்? எந்திரிடா வெளிய!" வீட்டுக்காரர் அவனைப் பிடித்து இழுத்தார். இந்தச் சண்டையை நான் திரும்பிப் பார்த்த நேரத்தில் பக்கத்து சீட் காலியாகியிருந்தது.

அவள் திரைக்குக் கீழே நின்றாள். அவளுக்கு மேலே வீட்டை விடப் பெரிய ஆமை. தம்பி சொன்னது சரிதான். அண்ணாந்து பார்த்துத் தனக்குத் தெரிந்த வரிகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர், தவளை, நீ முன்னாடி போ, எல்லாம். அதற்கு அதன் பேச்சையே சொல்லிக் கொடுக்கிறாள். அது அவளைப் பார்க்காமல் ஆடிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடியது. பின்னால் இருந்த பிள்ளைகள் எல்லாம் கைதட்டி ஆடின. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கட்டை மாதிரி இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

வெளியே வெயிலில் அந்த போர்டு நின்றது. தம்பி ஏறி அதைக் கிழித்தான்.

படம் நன்றாக ஓடியது. அதையும் சொல்ல வேண்டும். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் பிள்ளைகளோடு பார்த்துச் சிரித்ததாகச் சொன்னார்கள். பெரிய திரை என்றால் பெரிய ஆள் வேண்டுமாம், பெயர் இருந்தால்தான் கூட்டம் வருமாம். சரி, உங்கள் தொழில், உங்கள் பணம். படத்தில் மாற்றினீர்கள், நாங்கள் வெளியே வந்துவிட்டோம். வீட்டில் டிவி இருக்கிறது, அங்கே எங்கள் ஆமை இருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் காலை டிவியைப் போட்டதும் பழைய குரல் வந்தது. மகள் திரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். நான் வேலைக்குப் போனேன்.

கொஞ்ச நாளில் விளம்பரம் வந்தது. 'உங்கள் அபிமானக் குரலில், இனி தினமும்.' படம் ஓடியதால் கார்ட்டூனையும் முதலிலிருந்து அந்த நடிகரைப் போலவே மிமிக்ரி செய்யும் ஒருவரை வைத்துப் பேச வைத்துவிட்டார்கள். பழைய எபிசோடு, பழைய படம், ஆமை தலையை நீட்டுகிற அதே இடம். ஆனால் மச்சி, மாமே. என் மகள் அதை உட்கார்ந்து பார்த்தாள். தானே எழுந்துபோய் சுவிட்சை அணைத்தாள். அந்த சுவிட்சை அவள் அதற்கு முன் தொட்டதே இல்லை.

அன்று தண்ணீருக்கு டம்ளரை நீட்டினாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அதன் பிறகு வாயும் திறக்கவில்லை.

சேனலுக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். முழுவதும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள். "உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம் மேடம், வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றாள். "என் பிள்ளை பேசணும். அதுக்கு உதவி பண்ண முடியுமா?" என்றேன். "சாரி மேடம்" என்றாள். பாவம், அவள் என்ன செய்வாள்? அவளைத் திட்டிப் பயனில்லை. யாரைத் திட்டினால் பயன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதுதான் என் கோபமே.

தம்பி கடையை மூடிவிட்டு நெட்டில் தேடினான். பழைய குரலில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டார்கள். யாரோ ஒருவர் டிவியை போனில் பிடித்துப் போட்டிருந்த துண்டு ஒன்று கிடைத்தது. பின்னால் மிக்ஸி ஓடுகிறது, ஒரு குழந்தை அழுகிறது. மகள் கேட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

இந்தக் கார்ட்டூனுக்கே மூலம் ஒரு குழந்தைப் புத்தகம் என்று எங்கேயோ படித்துவிட்டு அதையும் வரவழைத்தான். அழகான புத்தகம். பிரித்துப் பார்த்தால் ஓர் எழுத்து இல்லை. படம் மட்டும்தான். அந்த ஆமை முதன்முதலில் பேசவே இல்லையாம். பேச்செல்லாம் பின்னால் ஆளாளுக்கு வைத்ததுதான். மகள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ஆமை வருகிற பக்கத்தில் நிறுத்தி, குனிந்து, அதில் காதை வைத்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

கடைசியாக அந்தக் குரல் கொடுத்த பெண்ணையே கண்டுபிடித்தான். யாரோ கஸ்டமரின் சொந்தக்காரர் சென்னையில் டப்பிங் ஸ்டூடியோவில் இருக்கிறார், அவர் மூலமாக. அந்தம்மாவும் என்னைப் போலக் கோபத்தில்தான் இருந்தார்.

"எனக்கே சொல்லலைம்மா. இத்தனை வருஷம் பேசியிருக்கேன். டிவியில பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பொண்ணுகிட்ட குடுங்க, நான் பேசறேன்."

ஸ்பீக்கரில் போட்டேன். தம்பி வரிகளை எடுத்துக் கொடுக்க, அந்தம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். நல்ல குரல். அன்பான குரல். ஆனால் ஆமை இல்லை. அவர் மறுபடி மூக்கை அடைத்துச் சொல்லிப் பார்த்தார். மகள் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லையா?" என்றார் அந்தம்மா. "என் குரல் மட்டும் இல்லம்மா அது. நான் பேசினதை மிஷின்ல போட்டு இழுத்து, கனமாக்கி என்னமோ பண்ணுவாங்க. முழுசா எப்படி வரும்னு எனக்கே தெரியாது." பிறகு அவர் அழ ஆரம்பித்துவிட்டார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

ஆக, அந்த ஆமையை உலகத்தில் யாராலும் பேச முடியாது. நாங்கள் செய்து பார்த்தோம். வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசியபோது அவர் வாயில் கையை வைத்து மூடினாள். அடிக்கவில்லை, கோபப்படவில்லை. மெதுவாக மூடினாள். அவர் அன்று சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பயிற்சி கொடுக்கும் பெண் படம் போட்ட அட்டைகள் கொடுத்திருக்கிறாள். டம்ளர் படத்தைத் தொட்டால் தண்ணீர். கழிவறைப் படம் இருக்கிறது, தூக்கம் இருக்கிறது. "வருங்க்கா, நாளாகும்" என்கிறாள். நாத்தனார் சண்டையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, "மதினி, அந்தத் தியேட்டருக்கு நம்ம போயிருக்கவே கூடாது" என்றாள். "போகாட்டியும் டிவியில மாத்தித்தான் இருப்பாக" என்றேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு தலையாட்டினாள்.

போன வாரம் மகள் காலையிலிருந்து சுருண்டு படுத்திருந்தாள். இட்லியைத் தள்ளிவிட்டாள். காய்ச்சல் இல்லை. பத்து மணிக்கு மேல் எழுந்துபோய்ச் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தாள். நான் அட்டைகளை எல்லாம் தரையில் பரப்பினேன். அழுகிற முகம் போட்ட அட்டையை அவள் கையில் வைத்தேன். கீழே போட்டாள். என் கையை நீட்டிக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன், எடுத்து எங்கேயாவது வைப்பாள் என்று. அந்தக் கையை அவள் பார்க்கவே இல்லை.

தேனிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் வயதானவர், நல்லவர். வயிற்றை அமுக்கினார், காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார். அவள் ஃபேனைப் பார்த்தபடி கிடந்தாள். அமுக்குகிற இடத்தில் எல்லாம் ஒரே முகம்.

"எங்கடா தங்கம் வலிக்குது?" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. எங்க வலிக்கும்னு நினைக்கிறீங்க?"

"தெரியல சார்."

"வயித்துலயா, தலையிலயா?"

"தெரியல சார். சாப்பிடல. முட்டுறா. அவ்ளோதேன் தெரியும்."

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வயிற்றுக்கு ஒரு மருந்தும் வலிக்கு ஒரு மருந்தும் எழுதினார். "கவனிச்சுக்கிட்டே இருங்க" என்றார். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். முட்டவில்லை. வலி விட்டதா, சோர்ந்துவிட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு மருந்தையும் கொடுத்தேன். மறுநாள் இட்லி தின்றாள். எந்த மருந்து கேட்டது, எங்கே வலித்தது, இப்போது வலிக்கிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. பாட்டில்களில் இன்னும் மிச்சம் இருக்கிறது. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் கொடுக்கிறேன். எதற்கென்று தெரியாமலே கொடுக்கிறேன்.